அண்ணன் காதைத் திறக்கும் கதை: ‘சன்னீஸ் ப்ளூஸ்’ படிக்கும் முறை

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் எழுதிய ‘சன்னீஸ் ப்ளூஸ்’ சிறுகதை 1957இல் ‘பார்ட்டிசன் ரிவ்யூ’ இதழில் வந்தது. 1965இல் அவருடைய சிறுகதைத் தொகுப்பில் சேர்ந்தது. பதிப்பைப் பொறுத்து 30 முதல் 40 பக்கம் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைகளில் பலர் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவர்கள். பாடத்தில் இந்தக் கதை வந்தால் முதல் நாளே நோட்ஸ் தேடி ஓடுகிறார்கள். உண்மையில் இதன் ஆங்கிலம் அவ்வளவு கடினமில்லை, வாக்கியங்கள் பேச்சு மொழிக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆளைக் குழப்புவது இரண்டு: கதையின் காலம் முன்னும் பின்னும் தாவுகிறது, அது பேசும் ஜாஸ், ப்ளூஸ் இசை நமக்குப் பழக்கமில்லாதது. இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யலாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தலைப்பில் இருப்பது தம்பி சன்னி. கதை அண்ணனுடையது. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் அல்ஜீப்ரா வாத்தியார், பொறுப்பானவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் தம்பி சொல்வது எதுவும் அவர் காதில் ஏறுவதில்லை. அது கடைசியில் எப்படி ஏறுகிறது என்பதுதான் கதை. சன்னியை மட்டும் பின்தொடர்ந்து படிப்பவர்களுக்குக் கையில் மிஞ்சுவது ஒரு போதை ஒழிப்புக் கட்டுரை.

முதலில் பிரதி. பால்ட்வின் இறந்தது 1987இல், ஆகவே பதிப்புரிமை இன்னும் இருக்கிறது. கல்லூரி நூலகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ அவருடைய தொகுப்பையோ, அமெரிக்கச் சிறுகதைத் தொகைநூல் எதையாவதோ கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களில் பத்தி இடைவெளிகள் காணாமல் போயிருக்கும். இந்தக் கதையில் அந்த இடைவெளியில்தான் வருடங்கள் தாவுகின்றன. இடைவெளி போனால், அம்மா செத்த பிறகு மறுபடி பேசுகிறாளே என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

முதல் வாசிப்புக்கு அகராதி வேண்டாம். இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம். ஒரே மூச்சில் படித்தால் கடைசிப் பக்கங்களை அலுப்போடு படிப்பீர்கள், கதையின் உயிரோ அங்கேதான் இருக்கிறது. முதல் அமர்வை, அம்மாவின் சாவுக்கு வந்த அண்ணன் சமையலறையில் சன்னியிடம் பேசும் காட்சியோடு நிறுத்துங்கள். புரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு மட்டும் போடுங்கள். பக்கத்துக்கு ஐந்து கோட்டுக்கு மேல் வந்தாலும் பயப்படாமல் தாண்டிப் போங்கள்.

இரண்டாம் வாசிப்புக்கு முன் ஒரு ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்துக் கதை சொல்லப்படும் வரிசையை எண் போட்டு எழுதுங்கள். (1) ரயிலில் போகும்போது, ஹெராயின் வழக்கில் சன்னி கைதான செய்தியை அண்ணன் பேப்பரில் படிப்பது. (2) பள்ளிக்கூட வாசலில் சன்னியின் பழைய சிநேகிதன். (3) கடிதம். (4) சன்னி திரும்பி வருவது, டாக்சிப் பயணம். (5) வீட்டில் சாப்பாடு. (6) அப்பா, அம்மா, ஞாயிற்றுக்கிழமை மாலை, அப்பாவின் உடன்பிறந்தவர் கொல்லப்பட்ட கதை. (7) அம்மாவின் சாவு, சமையலறைப் பேச்சு. (8) அண்ணி இசபெல்லின் பெற்றோர் வீட்டில் சன்னியும் பியானோவும். (9) சன்னி கடற்படையில் சேருதல், திரும்பி வருதல், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் அண்ணன் தம்பி சண்டை. (10) அண்ணனின் மகள் கிரேஸ் இறப்பது. (11) சனிக்கிழமை, தெருவில் பக்திப் பாட்டு, அண்ணன் தம்பி பேச்சு. (12) இரவு விடுதி.

இப்போது அதற்குக் கீழே உண்மையில் நடந்த வரிசை: 6, 7, 8, 9, 1, 2, 10, 3, 4, 5, 11, 12.

அந்தப் 10ஐக் கவனியுங்கள். குழந்தையின் சாவு பத்தாவதாக விவரிக்கப்படுகிறது, ஆனால் நடந்தது கடிதத்துக்கு முன்னால். மூன்றாவது இடத்திலேயே பால்ட்வின் அதை அரை வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்: ரொம்ப நாள் தம்பிக்கு எழுதவில்லை, கடைசியில் எழுதியது மகள் இறந்த பிறகு என்று. முதல் வாசிப்பில் இதைப் பத்துக்கு ஒன்பது பேர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். பல பக்கம் கழித்து அந்தச் சாவு விரிவாக வருகிறது: விளையாடிக்கொண்டிருந்த குழந்தை விழும் சத்தம், பிறகு ஒரு அமைதி, பிறகு அலறல். அந்த இடத்தில்தான் அண்ணன் ஒத்துக்கொள்கிறார், என் கஷ்டம்தான் அவன் கஷ்டத்தை எனக்கு நிஜமாக்கியது என்று. கதை திரும்பும் கீல் இது. தேர்வில் கதை அமைப்பைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் இந்த 3க்கும் 10க்கும் உள்ள உறவை எழுதினால் போதும், பாதி விடை வந்துவிடும்.

கிரேஸ் இறந்தது போலியோவால். சால்க் தடுப்பூசி பலனளிக்கிறது என்று அறிவிக்கப்பட்டதே 1955 ஏப்ரலில்தான். போலியோ இல்லாத நாடு என்று இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது 2014இல். சொட்டு மருந்து முகாமை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் தெரிய வழியில்லை. நல்லா ஓடியாடிய பிள்ளை இரண்டு நாள் காய்ச்சலில் போய்விடும் காலம் ஒன்று இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி கோடு போட்ட சொற்கள். அகராதி கைவிடும் இடங்கள் சில உண்டு. ‘ஹார்ஸ்’ என்று வந்தால் குதிரை கிடையாது, ஹெராயினுக்கு அந்தக் காலத் தெருப்பெயர். மாணவர்கள் ‘ஹெட்’டுக்குப் போய் ஊசி போட்டுக்கொள்கிறார்களோ என்று அண்ணன் யோசிக்கும்போது, ஹெட் என்பது கழிப்பறை. ‘புராஜக்ட்ஸ்’ என்றால் அரசு கட்டிய அடுக்குக் குடியிருப்பு, நம் ஊரில் ஹவுசிங் போர்டு என்று சொல்வோமே அது. ‘பேர்ட்’ என்பது பறவையில்லை, சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் பட்டப்பெயர். ‘டவுன் ஹோம்’ என்றால் அமெரிக்காவின் தென்பகுதி. ஹார்லெம் குடும்பங்கள் பல விட்டுவந்த சொந்த ஊர் அது. எல்லாவற்றையும் விட மோசமான பொறி ‘ஃபால்’. கிரேஸ் இறந்தது ‘ஃபால்’இல் என்றால் இலையுதிர் காலத்தில். அந்தக் குழந்தை விழுந்ததும் கதையில் உண்டு என்பதால், விழுந்து செத்தாள் என்று எழுதி மதிப்பெண் இழப்பது சுலபம்.

உறவுச் சொல்லையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் ‘பிரதர்’ என்று விட்டுவிடலாம், தமிழ் விடாது. அண்ணனா தம்பியா என்று கேட்கும். இங்கே ஏழு வயது வித்தியாசம். அந்த ஏழு வருடத்தை நினைத்துப் படித்தால் அண்ணன் ஏன் ஒவ்வொரு பேச்சையும் புத்திமதியாக்குகிறார் என்பது விளங்கும். அப்பாவின் உடன்பிறந்தவரை நாம் சித்தப்பா என்பதா பெரியப்பா என்பதா? பிரதியில் தேடிப் பாருங்கள். தேடும் சாக்கில் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிடுவீர்கள்.

மூன்றாம் வாசிப்பு முழுக்க ஒலிக்காக. ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: என்ன சத்தம், யார் எழுப்பியது, அண்ணன் என்ன செய்தார். பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பையனின் சீட்டி. மதுக்கடை ஜூக்பாக்ஸ். அம்மா முணுமுணுக்கும் தேவாலயப் பாட்டு. நிலா வெளிச்சத்தில் மலைச்சரிவுச் சாலையில் அப்பாவின் உடன்பிறந்தவர்மேல் வெள்ளையரின் கார் மோதியபோது கிட்டார் நரம்புகள் பறந்த சத்தம். இசபெல் வீட்டில் ஓயாத பியானோ. அந்த வீட்டார் அதை ஒரு மனிதனோடு வாழ்வதாக நினைக்கவில்லை, வெறும் சத்தத்தோடு வாழ்வதாக நினைத்தார்கள். வில்லேஜ் சண்டையில், இனி என்னைச் செத்தவனாகவே நினைத்துக்கொள் என்று தம்பி கதவைச் சாத்திய பிறகு, அழுகையை அடக்க அண்ணன் சீட்டியடித்தபடி படியிறங்குவது. தெருவில் பக்திப் பாட்டுக்கு டாம்பரின் தாளம்.

மூன்றாவது கட்டத்தை நிரப்பும்போது ஒன்று பிடிபடும். ஆரம்பத்தில் அண்ணன் எல்லாச் சத்தத்தையும் கேட்கிறார், எதற்கும் காது கொடுப்பதில்லை. சமையலறைக் காட்சியை இதற்காகவே நிறுத்திப் படிக்க வேண்டும். இசைக்கலைஞன் ஆகப்போகிறேன் என்கிறான் சன்னி. லூயி ஆம்ஸ்ட்ராங் மாதிரியா என்று கேட்கிறார் அண்ணன். தம்பியின் முகம் அறைபட்டதுபோல் ஆகிவிடுகிறது. ஆம்ஸ்ட்ராங் முந்தைய தலைமுறை ஜாஸ் கலைஞர். புதிதாக ஏதோ இசை செய்யத் துடிக்கும் பையனிடம், பாகவதர் மாதிரியா என்று கேட்பதற்குச் சமம் அது. பாகவதர் மட்டம் என்று பொருளில்லை. கேட்டவருக்கு இருபது வருட நடப்பு தெரியவில்லை என்று பொருள். பார்க்கரின் பெயரை அண்ணன் கேள்விப்பட்டதே இல்லை. அந்தப் பேச்சில் பார்க்கர் உயிரோடு இருக்கிறார். அவர் இறந்தது 1955 மார்ச்சில், 34 வயதில். காட்சியின் காலத்தைக் கணக்கிட இது ஒரு தடயம்.

பத்துப் பதினைந்து வரியில் வந்துபோகும் இன்னொரு இடம் நம் பக்கத்து வாசகருக்கென்றே வைத்தது போலிருக்கும். பதினான்கு வயதில் சன்னிக்கு இந்தியா போகும் ஆசை. பாறைமேல் உட்கார்ந்து தவம் செய்கிறவர்கள், கனலில் வெறுங்காலில் நடந்து ஞானம் அடைகிறவர்கள் என்று புத்தகங்களில் படித்திருக்கிறான். ஞானத்தை விட்டு ஓடுகிற மாதிரியல்லவா இருக்கிறது என்று அண்ணன் கிண்டலடிப்பார். திரௌபதி அம்மன் கோவில் தீமிதியை வருஷா வருஷம் பார்க்கிற நமக்கு இருவருடைய பேச்சும் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும். தம்பி வலியைக் கடக்க ஒரு வழி தேடுகிறான் என்ற செய்தி அங்கேயே விழுந்துவிட்டது, அண்ணன் அதை வேடிக்கையாக்கிவிட்டார். உங்கள் நோட்டில் இதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

இசையைக் கேட்காமல் கடைசிக் காட்சியைப் படிக்காதீர்கள். யூடியூபில் நான்கு பதிவு போதும், மொத்தம் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆம்ஸ்ட்ராங்கின் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’, 1928. பார்க்கரின் ‘கோ கோ’, 1945. பார்க்கரின் ‘பார்க்கர்ஸ் மூட்’, 1948. ஈத்தல் வாட்டர்ஸ் பாடிய ‘ஆம் ஐ ப்ளூ’, 1929. இதே வரிசையில் கேளுங்கள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வேகத்தைக் கேட்டாலே சன்னிக்கு ஏன் கோபம் வந்தது என்று தெரிந்துவிடும். மூன்றாவது, அதே பார்க்கர் நிதானமாக ப்ளூஸ் வாசிப்பது.

போன் ஸ்பீக்கரில் கேட்டால் வீண். பாஸ் வாத்தியத்தின் கீழ்ச்சுருதியைச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. சாக்ஸபோனும் சிம்பலும்தான் கேட்கும். கடைசிக் காட்சியில் சன்னியை வழிநடத்தும் கிரியோல் வாசிப்பதோ பாஸ். அவர் வாசிப்பு காதில் விழாவிட்டால் காட்சியே இல்லை. நூறு ரூபாய் இயர்போன் இருந்தாலும் மாட்டிக்கொள்ளுங்கள். முதல் முறை மேலே ஓடும் வாத்தியத்தைக் கேளுங்கள், இரண்டாம் முறை அடியில் நடக்கும் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டே போங்கள். தருமபுரி கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகிறது, இந்த வேலைக்குத் தாராளம்.

ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு என்று மட்டும் எழுதிவிட்டால் போதாது. அதன் வழக்கமான வடிவம் பன்னிரண்டு தாளச் சுற்று (ஆங்கிலத்தில் ‘பார்’). முதல் அடியைப் பாடி, அதையே திருப்பிப் பாடி, மூன்றாம் அடியில் பதில் சொல்வது. நம் ஒப்பாரியில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து இழுப்பதை நினைத்தால் தூரம் குறையும். சொந்தத் துக்கம் சபையின் துக்கமாகிவிடும் வித்தை இரண்டிலும் ஒன்று. ஆனால் விடுதியில் வாசிக்கப்படும் ‘ஆம் ஐ ப்ளூ’ இந்த வடிவத்தில் அடங்காது, அது அன்றைய சினிமாவில் வந்த ஜனரஞ்சகப் பாட்டு. எல்லோருக்கும் தெரிந்த மெட்டை எடுத்துத் தன் சொந்தக் கதையைச் சொல்வதுதான் ஜாஸின் வேலை. சன்னி அதைத்தான் செய்கிறான்.

அந்த மேடையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கோடையில் பாரதக் கூத்து நடக்கும் ஊர் ஒன்றுக்குப் போய்ப் பின்பாட்டுப் பக்கமாக உட்காருங்கள். வேஷக்காரரைப் பார்க்காமல் மிருதங்கக்காரரின் கண்ணைப் பாருங்கள். ஆட்டக்காரர் அடி தப்பினால் அவர் காலை எதிர்பார்த்துத் தாளத்தைப் பிடித்து நிறுத்துவார், பின்பாட்டுக்காரர் அதே அடியை இன்னொரு முறை இழுத்துக் கொடுப்பார். கிரியோல் செய்வது அந்த வேலை. வருடத்துக்கு மேல் பியானோவைத் தொடாத சன்னி முதல் பாட்டில் தடுமாறுகிறான்; கொஞ்சம் முன்னே போகிறான், பயப்படுகிறான், நிற்கிறான். கரையை விட்டு ஆழத்துக்கு வா, ஆழம் வேறு, மூழ்குவது வேறு என்று கிரியோல் பாஸால் சொல்கிறார். முதல் பாட்டு முடிந்த சூட்டில் எச்சரிக்கையில்லாமல் ‘ஆம் ஐ ப்ளூ’வுக்குள் போகிறார். பிறகு சன்னி பேசட்டும் என்று ஒதுங்கிக்கொள்கிறார். ஒப்புமை இதோடு நிற்கட்டும். கூத்தில் கதை எல்லோருக்கும் தெரியும், அர்ஜுனன் தபசில் அடுத்து என்ன என்று பார்ப்பவருக்கும் தெரியும். இங்கே அடுத்த அடி வாசிப்பவனுக்கே தெரியாது.

இப்போது ஏ4 தாளை மறுபடி எடுங்கள். சன்னி வாசிக்கும்போது அண்ணனின் மனதில் வருபவை: அம்மாவின் முகம், அவள் கால் பதிந்த சாலைக் கற்கள், அப்பாவின் உடன்பிறந்தவர் செத்த நிலா வெளிச்சச் சாலை, கிரேஸ், இசபெல்லின் கண்ணீர். தாளில் அவற்றுக்கு நேரே டிக் போட்டுக்கொண்டு வாருங்கள். கதை சிதறவிட்டது எல்லாம் ஒரு பத்தியில் வந்து சேரும். ஒலி நோட்டின் மூன்றாவது கட்டத்தில், ‘கேட்டார்’ என்று எழுதும் தகுதி இந்த ஒரு இடத்துக்கு மட்டும்தான் உண்டு. தெருப் பாடகியின் குரல் ஹெராயின் தரும் உணர்வை நினைவுபடுத்துகிறது என்று சன்னி சொன்ன சனிக்கிழமைப் பேச்சில் பாதி கேட்டார். அதற்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

வெளிச்சத்துக்கும் இதுபோல ஒரு பட்டியல் போடலாம், ஆனால் சுருக்கமாக. ரயில் பெட்டியின் ஆடும் விளக்கு, ஜன்னலில் சிக்கிய தன் முகம் (சேலத்திலிருந்து இரவு பஸ்ஸில் தொப்பூர் கணவாய் ஏறியவருக்கு இந்தக் கண்ணாடியை விளக்க வேண்டாம்), பெரியவர்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஞாயிறு மாலையின் இருட்டு, மேடைமேல் கருநீல ஒளி. நான்கு இடம் போதும்.

ஒடுக்குமுறை பற்றிய கேள்விக்கு, அங்கே நிறம் இங்கே சாதி என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. தொடக்கத்துக்கு அது சரி. அதற்கு மேல் பிரதியைக் காட்ட வேண்டும். வெள்ளையரின் வன்முறை நேரடியாக வருவது அந்தக் கார்ச் சம்பவத்தில் மட்டும். மற்ற இடங்களில் அது கட்டடங்களில் இருக்கிறது, தலைநிமிர வளரும் பையன்கள் முட்டிக்கொள்ளும் தாழ்ந்த கூரை என்ற படிமத்தில் இருக்கிறது. சாகும்வரை பார்க்கும் வெள்ளையர் ஒவ்வொருவரும் தன் உடன்பிறந்தவரைக் கொன்றவனாக இருக்குமோ என்று அப்பா நினைத்தார் என்பதில் இருக்கிறது. இந்த மூன்றையும் எழுதிவிட்டு நம் ஊரோடு ஒப்பிடுங்கள்.

‘இசை சன்னியைக் குணப்படுத்தியது’ என்று முடிக்காதீர்கள். போதைப் பழக்கம் மறுபடி வரலாம் என்று சன்னியே அண்ணனிடம் சொல்கிறான். வெளியே உலகம் பசித்த புலிபோலக் காத்திருக்கிறது என்று வாசிப்பின் உச்சத்திலேயே வந்துவிடுகிறது. கடைசியில் அண்ணன் மேடைக்கு ஸ்காட்ச்சும் பாலும் கலந்த ஒரு கோப்பை அனுப்புகிறார். சன்னி ஒரு வாய் குடித்து, அண்ணனைப் பார்த்துத் தலையசைத்து, பியானோமேல் வைக்கிறான். அவன் தலைக்குமேல் அது நடுங்கி ஒளிர்கிறது. அதைக் கதையின் கடைசி வரி ‘நடுக்கத்தின் கோப்பை’யோடு ஒப்பிடுகிறது; அந்தச் சொல் பைபிளில் ஏசாயா 51இலிருந்து வருகிறது. 17ஆம் வசனத்தில் எருசலேம் அதை வண்டல்வரை குடித்துத் தீர்த்திருக்கிறது. 22ஆம் வசனத்தில் கடவுள் அதை அவள் கையிலிருந்து எடுத்துவிடுகிறார். வேதாகமத்தை எடுத்து இரண்டையும் படியுங்கள். பால்ட்வின் எந்த வசனத்தில் கதையை நிறுத்தியிருக்கிறார் என்பதற்கு இரண்டு பக்கமும் வாதாடலாம். வாதாடினால் பத்து மதிப்பெண் கேள்விக்கு ஏழுக்குக் குறையாது.

தேர்வு விடையில் கதைச்சுருக்கத்துக்கு எட்டு வரிக்கு மேல் கொடுக்க வேண்டாம். மீதி இடத்தில் ஒரு காட்சியை மட்டும் எடுத்து, அதில் யார் கேட்கிறார், யார் கேட்கவில்லை என்று எழுதுங்கள். இன்னொன்று: அண்ணனுக்குக் கதையில் எங்கும் பெயர் கிடையாது. விடைத்தாளில் அவரை ‘பால்ட்வின்’ என்றும் ‘கிரியோல்’ என்றும் எழுதுகிறவர்கள் உண்டு. ‘நரேட்டர்’ என்றே எழுதுங்கள்.